டிரைவரின் மீசையும் அருவிப் பாதையும்

அவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்றும் அந்தப் பட்டம் போகவில்லை. ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஒருத்தரிடமும் வழி கேட்டதில்லை என்று அப்படியொரு தலைக்கனம். கேட்க அவசியம் எங்கே வந்தது? தினமும் ஓட்டியது ஒரே ரோடு! இதை அவரிடம் போய்ச் சொல்ல நமக்கென்ன பைத்தியமா?

எல்லை மலையில் இருக்கும் வனப் பூங்காவில் அருவி பார்க்க வேண்டும் என்று மனைவிக்கு ரொம்ப நாள் ஆசை. மச்சினனையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார். மச்சினன் எலெக்ட்ரீஷியன், வாய் சும்மா இருக்காது.

"மாமா, உள்ள பாதை குழப்பமா இருக்குமாம். டிக்கெட் குடுக்கிறவர்கிட்ட கேட்டுட்டு வரட்டா?"

"நான் எவன்கிட்டயாவது வழி கேட்டா இந்த மீசையவே எடுத்துடுறேன்டா!"

லேசுப்பட்ட மீசை இல்லை அது. காலையில் அதை முறுக்கி முடித்த பிறகுதான் மனுஷன் காபியே குடிப்பார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அம்புக்குறிப் பலகை புதருக்குள் மல்லாந்து கிடந்தது. ஒரு பக்கம் ஒற்றையடிப் பாதை, மறுபக்கம் அகலமான மண் ரோடு. டிரைவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல பஸ் திரும்பாது. அதுல தாராளமா திரும்பும். அதான் வழி."

நடந்து போகிறவனுக்கு பஸ் திரும்ப இடம் எதற்கு? மச்சினன் கேட்க வாயெடுத்தான். அக்கா முறைத்ததும் மூடிக்கொண்டான்.

நடந்தார்கள், நடந்தார்கள், அருவிச் சத்தமே காணோம். மனைவிக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்தது. ஒரு பாறையில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் சிணுங்கியது. பக்கத்து நாட்டுக்கு அவளை அன்போடு வரவேற்பதாகச் செய்தி.

"சும்மா விளம்பரம்" என்றார் டிரைவர். நெற்றியில் வியர்வை வழிந்தது.

மரத்தடிக் குடிலிலிருந்து வேறு நிறச் சீருடையில் ஒரு காவலர் வந்தார். "இது எங்க பக்கம்ங்க. வழி தப்பி வந்துட்டீங்களா?"

டிரைவர் மீசையை முறுக்கினார். மச்சினனின் கண்கள் மீசை மேலேயே இருந்தன.

"வழி தப்பலைங்க" என்றாள் மனைவி. "கல்யாணத்தப்போ வெளிநாடு கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு. இன்னிக்குத்தான் நேரம் கெடச்சுது."

காவலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குடிலுக்குள் போய் ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். வெளிநாட்டு டீயை அவள் ராணி மாதிரி உறிஞ்சிக் குடித்தாள். அந்தச் சத்தியத்தை டிரைவர் மறந்தே போயிருந்தார். அவள் மறக்கவில்லை, ஒரு நாளும் குத்திக்காட்டவும் இல்லை. இவ்வளவு நடந்தும் அவள் இன்னும் அருவியைப் பார்க்கவில்லை.

தொண்டையைச் செருமினார். "தம்பி... அருவிக்கு எப்படிங்க போகணும்?"

மச்சினன் துள்ளிக் குதித்தான். அக்கா அவன் காதைப் பிடித்துத் திருகினாள். "மீசைன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, தொலைச்சிடுவேன்!"

காவலர் குறுக்குப் பாதை காட்டினார். அருவியில் அவள் ஆசை தீர நனைந்தாள்.

மறுநாள் காலையில் காபியோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கண்ணாடி முன்னால், மேலுதட்டைத் தடவிக்கொண்டு, உரித்த கோழி மாதிரி ஒருவர் நின்றிருந்தார்.

"அடப்பாவமே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு தடவைதான் வெளிநாடு போனீங்க, அதுக்குள்ள ஆளே மாறிட்டீங்களே!"