பதினைந்தாவது கட்டம்

ஓய்வு பெற்றவனிடம் ஊர் எதிர்பார்ப்பவை இரண்டே: கோயில் வரிசையில் நிற்பது, பிறருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. முதலாவதற்கு என் முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன் என்பதால், எங்கள் தெருமுனைப் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை என்னைப் பள்ளிக் குழுவில் சேர்த்துவிட்டார். அங்கே கணக்கு ஆசிரியர் மாறுதலில் போய், இடம் காலியாகவே இருந்தது. எப்போது நிரம்பும் என்று என்னைக் கேட்டார்கள். அந்தக் கோப்பு எந்தெந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே பேச்சை மாற்றினேன்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கோப்புக்காகக் காத்திருக்கவில்லை. கணக்கு நன்றாக வரும் ஒரு பெண், நெசவு வீட்டுப் பெண், மதிய இடைவேளையில் கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்துவாள். இன்னொருத்தி தலைமையாசிரியையின் போனில் அதைப் படம் பிடிப்பாள். அது வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். காலில் மாவுக்கட்டோடு, பக்கத்துக் கிராமமான கூரத்தில் படுத்திருந்த ஒரு மாணவிக்கு அதுதான் பள்ளிக்கூடம். பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது.

"பொண்ணுங்க முகம் போன்ல சுத்துது சார். நாளைக்கு எவனாவது பெட்டிஷன் போட்டா நான்தான் மாட்டிப்பேன். முறைப்படி ஏதாவது பண்ணிக் குடுங்க" என்றார் தலைமையாசிரியை.

பண்ணிக் கொடுத்தேன். பதினான்கு கட்டங்கள் கொண்ட படிவம். வீடியோ ஒன்றுக்குப் படிவம் ஒன்று. சீருடை சரியா, பின்னணியில் வேறு யாராவது தெரிகிறார்களா, பெற்றோர் பள்ளிக்கு நேரில் வந்து கையெழுத்திட்டார்களா, எல்லாம் உண்டு. கடைசியில் என் கையெழுத்து.

மூன்றாவது வீடியோ வகுத்தல் தேற்றம்; மீதி எவ்வளவு வரலாம் என்பது பாடம். நெசவு வீட்டுப் பெண் தன் வீட்டுத் தறியையே உதாரணமாக எடுத்துக்கொண்டாள்.

"பாவு பத்தொம்போது மீட்டர்னு வெச்சிக்கோங்க. பொடவை ஆறு மீட்டர். மூணு பொடவை நெய்யலாம், மீதி ஒண்ணு. இந்த மீதி எப்பவும் இருக்கும், பூஜ்ஜியம் ஆவவே ஆவாது. ஆச்சுன்னா அடுத்த பாவை எதுல கொண்டுபோய் முடியறது?"

நானும் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றிய இழைகள்; அதை யாரும் முழுக்க நெய்து தீர்ப்பதில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்து, அதன் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முடிவார்கள். அவள் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. சீருடையைப் பார்த்தேன், பின்னணியைப் பார்த்தேன், கையெழுத்திட்டேன். வகுப்பில் பாதிக்கு மேல் நெசவு வீட்டுப் பிள்ளைகள். அவர்களும் தலையாட்டி நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் கூரத்திலிருந்து குழுவுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. மாவுக்கட்டோடு இருந்தவள்தான்; விவசாயக் குடும்பத்துப் பெண்.

"ஏண்டி, பன்னெண்டு மூட்டை நெல்லை மூணு பங்கு வெச்சா எங்க ஊட்ல ஒண்ணும் மிஞ்சலையே! மீதி எங்கடி போச்சு? நீ சொல்றத நம்பி எழுதினா எனக்கு மார்க்கும் மிஞ்சாது. இங்க படுத்துக்கினு உன்னத்தான்டி நம்பிக்கினு இருக்கிறேன்."

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தப்பான பாடம் போயிருக்குது சார், உங்க கையெழுத்தோட. இந்த வீடியோவே வேணாம், நிறுத்திடலாம்."

நெசவு வீட்டுப் பெண் கதவருகே நின்றிருந்தாள். "நிறுத்தாதீங்க மிஸ். திருத்தி இன்னிக்கே எடுத்துடறேன். நிறுத்திட்டா அவளுக்கு யாரு சொல்லித் தருவாங்க?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா சார், அம்மா இங்க வந்து கையெழுத்துப் போடணும்னு இருக்குதே. கல்யாணப் பொடவை தறியில இருக்குது. வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுந்துக்க மாட்டாங்க."

நேரில் வர வேண்டும் என்பது ஏழாவது கட்டம். நானே யோசித்துச் சேர்த்தது. அன்று அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

படிவத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தேன். பதினான்கு கட்டங்களில் ஒன்றுகூட, கணக்கு சரியா என்று கேட்கவில்லை.

"நிறுத்த வேணாம் மேடம். பெட்டிஷன் வந்தா என் பேரை எழுதுங்க. பென்ஷன்காரனுக்கு யாரு மெமோ குடுக்கப் போறாங்க?"

ஏழாவது கட்டத்தில் 'பள்ளிக்கு நேரில் வந்து' என்பதை மட்டும் அடித்தேன். அடியில் பேனாவால் பதினைந்தாவது கட்டம் ஒன்று போட்டு, 'கணக்கைச் சரிபார்த்தவர்' என்று எழுதினேன். கூரத்துப் பெண் பார்த்துச் சரி என்றால்தான் இனி எந்த வீடியோவும் குழுவுக்குப் போகும்.

அன்றே புது வீடியோ எடுத்தாள். "போன தடவை சொன்னது தறிக்குத்தான் சரி. கணக்குல மீதி பூஜ்ஜியமும் ஆவலாம்" என்று தொடங்கி, நெல் மூட்டைக்கு வந்தாள். மாலையில் அவள் அம்மா தறியில் உட்கார்ந்தபடியே கையெழுத்திட்டார். வீடியோ கூரத்துப் பெண்ணுக்கு மட்டும் போனில் போனது; கூரம் பேருந்தில் போகும் வகுப்புத் தோழி ஒருத்தி படிவத்தைக் கொண்டுபோனாள்.

மறுநாள் படிவம் திரும்பி வந்தது. பதினைந்தாவது கட்டம் போதாமல், நான் கையெழுத்திட வேண்டிய இடம் வரைக்கும் எழுத்து ஏறியிருந்தது: "கணக்கு சரி. ஆனா ரொம்ப வேகமா பேசறா. மறுபடி எடுக்கணும்."

முப்பது வருடம் பிறர் கோப்புகளைக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியவன் நான். முழங்காலைத் தடவிக்கொண்டு, புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன்.