வீடில்லாத கலியாணம்

எழுபத்தொன்பதில் கல்முனையில் ஓர் அரச அலுவலகத்தில் நான் எழுதுவினைஞர். பாண்டிருப்பிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண் அங்கே தட்டெழுத்தாளர். இரண்டு வருஷம் பழகி, கலியாணம் முடிப்பதென்று தீர்மானித்தோம். நான் சோனகன், முஸ்லிம்; அவள் சைவம். அதனால் வரப்போகும் சண்டையெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வரவும் தயார் என்றிருந்தாள். எங்கே குடியிருப்பது என்பதைத்தான் இருவரும் யோசிக்கவே இல்லை.

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். சோனகருக்கும் அதுதான், தமிழருக்கும் அதுதான். பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு கட்டும் கவலை தகப்பனைப் பிடித்துக்கொள்ளும். அவளுக்கும் அவளுடைய அப்பா மூன்று அறை வைத்து ஒன்று கட்டி முடித்திருந்தார். மடையன் நான், அந்த வீட்டில்தான் வாழப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் தெரிந்ததும் அவர் அந்த வீட்டை இளைய மகளுக்கென்று சொல்லிவிட்டார். நான் உம்மாவிடம் போனேன்.

"இந்த வீடு தங்கச்சிக்கு, மகன். அவள்ர மாப்பிள வந்து இருக்கப்போற வீட்டில உன்ட பொஞ்சாதிய எங்க வைக்கிற?"

உம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

மறுநாள் வேலை விட்டு பஸ்ஸுக்கு நிற்கையில் அவளிடம் சொன்னேன்.

"அப்ப ஒரு வாடகை வீடு பாருங்க. நான் வாறன்."

"வாடகை வீட்டிலயா? வீடில்லாத பொண்ண முடிச்சிருக்கான் எண்டு சனம் கதைக்குமே."

வாயை விட்ட பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. அப்பாவையும் சாமியையும் எனக்காக விட்டு வரத் துணிந்தவளிடம் போய் அப்படிச் சொல்லியிருந்தேன். சாதி சமயம் பார்க்காதவன் என்று என்னைப் பற்றி எனக்குப் பெரிய நினைப்பு வேறு.

"ஓம், எனக்கு வீடில்லதான்," என்றாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

பல தடவை மன்னிப்புக் கேட்டேன். அவள் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. மூன்று மாதத்தில் இடமாற்றம் வாங்கித் திருக்கோவிலுக்குப் போனாள். உம்மா பார்த்த பெண்ணை முடித்து, அந்தப் பெண்ணின் வீட்டில் நான் குடியேறினேன்.

சில வருஷங்களில் தமிழரும் சோனகரும் ஒருவர் வீட்டை ஒருவர் எரித்துக்கொண்ட காலம் வந்தது. "நல்ல வேளை தப்பினாய்" என்றார்கள் சிநேகிதர்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் நாங்கள் பிரிந்தபோது யாரும் எதையும் எரிக்கவில்லை. கல்முனையில் வாடகைக்கு வீடுகள் இருந்தன.