கம்ப்யூட்டர் அணையாத நாட்கள்

கலியமூர்த்தி சார் எங்கள் எதிர் ஃபிளாட்காரர். டெல்லி ஜனக்புரியில் எங்கள் பிளாக்கின் இரண்டாம் மாடியில் நேருக்கு நேர் இரண்டு கதவுகள். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. போன சித்திரையில் காலமானார். மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீஸராக ஓய்வுபெற்ற ஒருவரைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்? அவர் கையெழுத்துப் போட்ட ஃபைல்களையே யாரும் முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன். அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாயவரம் பக்கத்துக்காரர். படிப்பு முடிந்த கையோடு டெல்லிக்கு வந்து, பாதி ஆயுளை ஆர்.கே. புரம் அரசு குவார்ட்டர்ஸில் கழித்தார். அங்கே குளிர்காலத்தை ஓட்டியவர்களுக்குத் தெரியும். கீஸர் போட்டால் ஹீட்டரை அணைக்க வேண்டும். ஹீட்டர் வேண்டுமென்றால் இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்க வேண்டும். சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போய், வீடே இருட்டாகிவிடும். குளிக்கப் போகிறவர் "கீஸர் போடறேன்" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டுத்தான் உள்ளே போவார்.

கலியமூர்த்தி சார் இதை ஒரு விரதம் மாதிரிக் காப்பாற்றினார். ஓய்வுபெற்று, ஜனக்புரியில் சொந்த ஃபிளாட் வாங்கிக்கொண்டு வந்த பிறகும் விடவில்லை. என் வீட்டுக்கு வந்தால்கூடப் பேசிக்கொண்டே எழுந்துபோய் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்.

"கரண்ட் பில் நான்தானே சார் கட்டறேன்?" என்பேன்.

"யாரு கட்டுனாலும் லோடு லோடுதான் மேடம்" என்பார்.

மனைவி தவறி வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே பெண், இளவரசி. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நாம் நடந்து போவது போலக் கம்ப்யூட்டரில் படம் செய்வது அவள் தொழில். குர்கானில் நல்ல கம்பெனியில் இருந்தாள்.

பிறகுதான் சாருக்கு நுரையீரல் கெட்டது. மனிதர் சிகரெட்டைத் தொட்டதில்லை. ஸ்கூட்டரில் ரிங் ரோடு வழியாக ஆபீஸ் போய் வந்ததுதான் அவர் செய்த பாவம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் வந்து உட்கார்ந்தது. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். குளிக்கவும் சாப்பிடவும் அணைக்கலாம், மற்ற நேரமெல்லாம் ஓட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தீபாவளிக்குப் பிறகு புகை கவிந்து கிடக்கும் மாதங்களில் ஒரு நாள்கூட ஏமாற்றக் கூடாது, இதயம் தாங்காது என்றும் சொன்னார். இளவரசியும் கேட்டாள், அவரும் கேட்டார், கூடப் போயிருந்த நானும் கேட்டேன்.

ஒரு நாள் அவர் குளியலறையில் மயங்கி விழுந்தார். இளவரசி குர்கான் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டாள். அன்றைக்கு அவர் தட்டில் கை வைக்கவில்லை. "என் மூச்சுக்காக அவ பொழப்பு போயிடுச்சு மேடம்" என்று என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டிலிருந்தே செய்யும்படி வேலை கிடைப்பது எளிதாக இல்லை. கடைசியில் நொய்டாவில் ஒரு கம்பெனி, ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் படத்தைச் செய்து தரச் சொன்னது. சொன்ன தேதிக்குள் ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் நிரந்தர வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். அப்பாவையும் விட வேண்டாம், தொழிலையும் விட வேண்டாம். இளவரசிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவள் நடையிலேயே தெரிந்தது.

அந்த வேலைக்கு அவளுடைய பழைய கம்ப்யூட்டர் போதாது. நேரு பிளேஸில் இஸ்மாயில் என்பவர் கடையில் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி வந்து மாட்டினாள். கனமான கார்டு, அதற்குத் தோதாக உள்ளே பவர் சப்ளையையும் பெரிதாக மாற்றினாள். வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடிக்க வீட்டிலிருந்த சின்ன யூபிஎஸ் அந்தப் பாரம் தாங்காமல் அலறியது. அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கிலேயே சொருகினாள்.

சனியன் அன்றைக்குப் பிடித்தது. படம் பாதி உருவாகிக்கொண்டிருக்கும்போது திரை பொசுக்கென்று கறுக்கும். கம்ப்யூட்டர் செத்து, தானே மறுபடி பிறக்கும். பல மணி நேர வேலை பாழ். இளவரசி செய்யாத வைத்தியம் இல்லை. கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். மெமரியை இடம் மாற்றிப் பார்த்தாள். சூடோ என்று பெட்டியைத் திறந்து வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பினாள். விண்டோஸைப் புதிதாக ஏற்றினாள். பிளக்கை மாற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இஸ்மாயில் கடைக்கே போனாள். அவர் நாள் பூராவும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லையென்று திருப்பிக் கொடுத்தார்.

"கடையில ஏக்தம் டீக், ஆன்ட்டி! வீட்டுக்கு வந்தா மட்டும் மர் ஜாதா ஹை, செத்துப்போகுது" என்று என் சோபாவில் உட்கார்ந்து அழுதாள். "டேட் நெருங்குது. அவங்க வேற ஆளைப் பாத்துடுவாங்க."

எனக்கு கம்ப்யூட்டரில் பாங்க் பாஸ்வேர்டைத் தவிர ஒன்றும் தெரியாது. காபி கொடுத்தேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கலியமூர்த்தி சார். இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். இளவரசியின் அறை, பால்கனியை அடைத்துக் கட்டியது. டெல்லியில் எல்லோரும் செய்கிற வேலைதான். அந்த அறைக்குக் கரண்ட், அவர் படுக்கையறை பிளக்கிலிருந்து ஒரு பழைய ஒயரில் போகிறது. காலையில் குளித்துவிட்டு வந்து ஆக்சிஜன் மிஷினைப் போட்டார், பால்கனியில் "ஐயோ!" என்று பெண்ணின் குரல். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து போட்டார், மறுபடி "ஐயோ!" அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் கீஸரும் ஹீட்டரும் ஓடி, வோல்டேஜ் ஏற்கெனவே இறங்கிக் கிடக்கிற மாதம். மிஷின் கிளம்பும்போது இழுக்கிற இழுப்பில் அந்த ஒயரில் இருக்கிற கொஞ்ச வோல்டேஜும் சரிந்து, கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. மறுநாள் காலையில் மிஷினைப் போடாமலே இருந்து பார்த்தார். பால்கனியில் சத்தமே இல்லை.

ஆர்.கே. புரத்துக்காரருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒன்றைப் போட்டால் ஒன்றை அணைக்க வேண்டும். அவர் தன்னுடையதை அணைத்துவிட்டார்.

சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு ஒயர் இழுக்கிற வேலை! "சொல்லியிருக்கப்படாதா சார்?" என்று நான் கேட்டதற்கு அவர் கணக்கு இப்படி இருந்தது: சொன்னால் அவள் அந்த நிமிஷமே கம்ப்யூட்டரை மூடிவிடுவாள். ஒயரிங் செய்யச் சுவரை உடைக்க வேண்டும், அப்பாவுக்குத் தூசி ஆகாதென்று அதையும் தள்ளிப்போடுவாள். தேதி போய்விடும். இந்த ஒரு வேலை முடியட்டும், அப்புறம் ஒயர்மேனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். "ஒருதடவை என்னால வேலையை விட்டுட்டா மேடம். மறுபடியும் என்னாலயா?" என்றார். ஃபைலைத் தள்ளிவைத்துப் பழகிய மனிதர், மூச்சையும் தள்ளிவைத்துவிட்டார்.

அவர் மிஷினை அணைத்துவைத்த அதே நாளில்தான் இளவரசி, கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரைப் பழைய பதிப்புக்கு மாற்றியிருந்தாள். அதனால்தான் சரியாயிற்று என்று நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "டிரைவர்தான் ஆன்ட்டி ப்ராப்ளம்! ஒருவாட்டிகூட அணையல!"

அதற்குப் பிறகு தினமும் அதையே சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டேன். வேலை செய்யும்போது காதில் பெரிய ஹெட்ஃபோன் வைத்திருப்பாள். மிஷின் ஓடுகிற சத்தம் இருக்கிறதா இல்லையா என்பது கேட்காது. எட்டிப் பார்த்தாலும் அவர் மூக்கில் குழாய் இருக்கும். அதை மட்டும் அவர் கழற்றவில்லை. அவள் கம்ப்யூட்டரை மூடுகிற சத்தம் கேட்டதும் மிஷினைப் போட்டுக்கொள்வார். நான் சாயங்காலங்களில் பார்க்கப் போகும்போது அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். முகம் வாடியிருக்கிறதே என்று கேட்டேன். "புகை மேடம்" என்றார். வெளியே எதிர் பிளாக்கே தெரியாத புகை. யார் சந்தேகப்படுவார்கள்?

படம் முடிந்தது. ஒரு நாள் மத்தியானம் இளவரசி அதை நொய்டாவுக்கு அனுப்பத் தொடங்கினாள். பெரிய ஃபைல், மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னோட்டத்தைப் பார்த்த கம்பெனிக்காரர்கள் போனிலேயே, ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, மிச்சமும் வந்து சேர்ந்ததும் வேலைக்கான உத்தரவை அனுப்புகிறோம் என்றார்களாம். ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு அப்பாவிடம் சொல்ல ஓடியிருக்கிறாள்.

அறை நிசப்தமாக இருந்தது. அவர் தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு, கண் செருகிக் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மிஷினில் விளக்கு எரியவில்லை.

அவள் போட்ட அலறலில் நான் கையிலிருந்த கரண்டியோடு ஓடினேன். நான் உள்ளே நுழையும்போது அவள் சுவிட்சைத் தட்டினாள். மிஷின் குலுங்கிக் கிளம்பியது. அதே நொடியில் பால்கனியில் கம்ப்யூட்டர் அணைந்தது. அதன் விசிறி சுழன்று அடங்குகிற சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. இளவரசி அந்தப் பக்கம் திரும்பவில்லை. மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் தேடிய காரணம் அவள் கைவிரலுக்கு அடியில் இருந்தது.

அந்த நிலையிலும் அவர் கை சுவிட்சைத் தேடி வந்தது. "ஒன் படம்..." என்றார்.

"போகட்டும்ப்பா" என்று அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் பிழைத்தார். மிஷினை அணைத்துவைத்த கதையை, இளவரசி பக்கத்தில் இல்லாத நேரத்தில், அங்கேதான் என்னிடம் சொன்னார். ஆனால் இதயம் நிறைய அடி வாங்கியிருக்கிறது, பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படத்தை இளவரசி இஸ்மாயில் கடையிலிருந்து மறுபடி அனுப்பினாள், வேலை கிடைத்தது. ஒயர்மேனை நான் அழைத்துவந்தேன். அவன் சுவரில் உளியே வைக்கவில்லை. மீட்டர் பெட்டியிலிருந்து பால்கனிவரை சுவரோரமாகப் பிளாஸ்டிக் பட்டை அடித்து, அதற்குள் புது ஒயரை இழுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிட்டான். அவன் போனதும் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். இதற்காகவா!

சாரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நானும் இருந்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இளவரசி அவருக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை நாளாப்பா அணைச்சு வெச்சிருந்தே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மிஷின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"அன்னிக்கு மட்டும்தாம்மா. வேற என்னிக்கும் இல்ல" என்றார்.

கம்ப்யூட்டர் எந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அணையாமல் ஓடியது என்பது அவளுக்குத் தெரியும். அந்த நாட்கள் ஒவ்வொன்றிலும் அவள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அவர் மூக்கிலிருந்த குழாயை நேராக்கினாள்.

"சரிப்பா" என்றாள்.

அவள் நம்பிவிட்டாள் என்று நினைத்து அவர் கண்ணை மூடிக்கொண்டார்.