அரக்கனுக்கு என் குரல்

என் மகள் யாழினி இன்று மேடையில் அரக்கனாக நடித்தாள்.

நடக்க முடியாத தோழி ஒருத்திக்குச் சக்கர நாற்காலி வாங்க, யாழினியின் நாடக வகுப்புப் பிள்ளைகள் போட்ட நாடகம். அவள் தண்ணீர் கேட்டால்கூட வீட்டில் யாருக்கும் கேட்காது. "சத்தம் வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன்" என்று நேற்று வரை வாத்தியார் மிரட்டிக்கொண்டிருந்தார்.

டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் எங்கள் பனியன் கம்பெனியில் என் லைனில் தைக்கிறவர்கள். சூப்பர்வைசர் நானே நீட்டினால் வாங்காமல் என்ன செய்வார்கள்?

திரை விலகியது. கதாயுதத்தை அக்குளில் இடுக்கி, இடுப்பில் கைவைத்து அரக்கன் வந்தான்.

"அங்க என்ன கூட்டம்? கை ஓடுதா, வாய் ஓடுதா?"

கடைசி வரிசைக்கும் கேட்டது.

எங்கள் டெய்லர் செல்வியக்கா எழுந்தே விட்டார். "ஏனுங்க சூப்பர்வைசரு, இது நீங்கதானுங்க!"

மண்டபம் முழுக்க விசில். நாடகம் முடிந்து உண்டியலோடு வந்தவளை யாரும் விடவில்லை.

"என்னையும் ஒருக்கா திட்டு கண்ணு, காசு போடறேன்."

வரிசை வரிசையாகத் திட்டி உண்டியலை நிரப்பிவிட்டாள். நாற்காலிக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது!

"யாருகிட்ட கண்ணு கத்துக்கிட்டே?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

"வாத்தியாருதான் ஊட்டுல யாரையாச்சும் பாத்து நடிக்கச் சொன்னாருப்பா. நீங்க போன்ல லைன்காரங்களைத் திட்டுவீங்கல்ல, அதேதான்."

நாளைக்குக் காலையில் நான் லைனில் போய் நிற்க வேண்டும். சத்தம் போட்டால் சிரிப்பார்கள், போடாவிட்டால் ஷிப்மென்ட் போகாது. அனுபவமுள்ள அரக்கர்கள் யாராவது இருந்தால் யோசனை சொல்லுங்கள்.