பத்துப் புது டயர்

லாரிக்காரருக்கு ஒரு பழக்கம். ஒருவன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள அவன் முகத்தைப் பார்க்க மாட்டார். அவன் வண்டியின் டயரைப் பார்ப்பார். சொந்த வண்டி வைத்திருப்பவன் ஒவ்வொன்றாகத்தான் மாற்றுவான். புதியதை முன்னால் போட்டு, தேய்ந்ததைப் பின்னால் தள்ளுவான். அவருடைய வண்டியிலேயே பத்து டயரும் பத்து வெவ்வேறு வயதில் இருந்தன. பத்தும் ஒரே சமயத்தில் புதிதாக இருந்தால் அந்த ஆள் எங்கோ கொழுத்துவிட்டான் என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலையின் லாரி தெருமுனையில் வந்து நின்றது. கதவில் நீல பெயின்டில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் பெயர். கீழே பத்து டயரும் புதுசு. லாரிக்காரர் குனிந்து டயர்ப் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். நகம் முழுக்க இறங்கியது.

“வண்டியக் கம்பெனிக்கு அட்டாச் பண்ணிட்டேன் சகலை,” என்றார் சகலை. “இனிமே லோடு கேட்டு எவனுக்கும் போன் போட வேண்டாம். போகச் சொன்ன எடத்துக்குப் போறேன், வரேன்.”

“அதான் தொந்தி விழுந்துடுச்சு போல.”

“எனக்கு வயிறு வளருது, உனக்கு வயிறு எரியுது. விடு.”

சகலை போன பிறகு மனைவி சும்மா இருக்கவில்லை. “அக்கா வீட்டுல வாஷிங் மெஷின் வாங்கிட்டாங்களாம். மத்தியானம் மாமா வீட்டுக்கே சாப்பிட வந்துடறாராம்.”

“வரட்டும். அப்படியே பாத்திரமும் தேய்க்கட்டும்.”

சொல்லிவிட்டுத் தட்டை ஒதுக்கி எழுந்தார். அன்று அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. சொந்த வண்டியின் ஹாரன் சத்தம்கூட.

மகள் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் இன்ஜினியர். அவளிடம் போய், “நம்ம வண்டிய அட்டாச் பண்ணா கட்டுப்படியாகுமா, பாத்துச் சொல்லு,” என்றார்.

“காலியா எவ்வளவு தூரம் ஓட்டறீங்க அப்பா?”

“கொஞ்சம்தான். திரும்பி வர லோடு நாலு பேருக்குப் போன் போட்டுப் பிடிச்சுடுவேன்ல.”

“அங்க அது முடியாது. அவங்க குடுக்கற லோடு மட்டும்தான். ஏத்திட்டுப் போற தூரத்துக்குத்தான் கூலி, அதுலயும் அவங்க பங்கு போயிடும். காலியா திரும்பற டீசல் உங்களுது. ரிப்பேர் உங்களுது. லோடு இல்லாம நிக்கற நாளும் உங்களுது. லோடு பிடிக்கத் தெரியாதவங்களுக்கு இது கட்டும். உங்களுக்குக் கட்டாது.”

“அப்புறம் அந்த ஆளுக்கு மட்டும் எப்படிக் கட்டுது?”

“பெரியப்பா கணக்கு என்கிட்ட இல்லப்பா.”

“டயர் இருக்கே!”

மறுவாரமே லாரிக்காரர் கிளம்பிவிட்டார். சகலைதான் கம்பெனியின் யார்டுக்கு அழைத்துப் போனார்.

யார்டு சூப்பர்வைசர் சின்ன அளவுகோல் ஒன்றை ஒவ்வொரு டயரிலும் விட்டுப் பார்த்தார். “ரெண்டு தேறும். ஆனா பழசும் புதுசும் கலந்து ஓட்ட விடமாட்டோம். பத்தையும் மாத்தணும்.”

“பத்துக்கு நான் எங்க போவேன்?”

“நீங்க எங்கயும் போக வேண்டாம். நாங்களே போட்டுட்டு மாசாமாசம் கூலில பிடிச்சுக்குவோம். இங்க எல்லாருக்கும் அப்படித்தான்.”

லாரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சுவர் ஓரமாக வரிசையாய் லாரிகள். ஒவ்வொன்றிலும் பத்துப் புது டயர். வண்டிகளின் நிழலில் ஓட்டுநர்கள் லோடுக்காகப் படுத்துக் கிடந்தார்கள். அவர் இத்தனை நாள் பொறாமைப்பட்டது சகலையின் கடனைப் பார்த்து.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சகலை.”

“நீ எங்க கேட்ட? குனிஞ்சு குனிஞ்சு டயரையே பாத்துட்டு இருந்த.” சகலை தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். “என்னைப் பாத்து ஒருத்தன் வயிறெரியறது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

லாரிக்காரர் கையெழுத்துப் போடாமல் வண்டியை எடுத்தார். விஷயம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. யார்டு வாசலைத் தாண்டும்போது லோடு ஏற்ற சகலையின் முறை வந்துவிட்டது. இயந்திரம் மூட்டைகளை ஏற்ற, அவர் கூரையடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் லாரிக்காரர் சொன்ன முதல் விஷயம் அதுதான்: “நாற்காலி போட்டு உக்கார வைக்கறாங்கடி!”

கடைசிவரை தன் லோடைத் தானே பிடித்தார். மகளைப் படிக்க வைத்ததே அந்த வண்டிதான். ஆனாலும் அவள் கணக்கு சரி என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சகலை நல்ல தூரம் ஓடினார் என்று கேள்விப்பட்டால் அன்று வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சகலை பார்க்க வந்தார். லாரிக்காரர் மாஸ்க்கை விலக்கி, “வண்டி எங்க?” என்றார்.

“யார்டுல நிக்குது சகலை. லோடே இல்ல. நீ தப்பிச்ச, நான்தான் போய் மாட்டிக்கிட்டேன்.”

லாரிக்காரரின் முகம் தெளிந்தது. மூச்சைச் சேர்த்துக்கொண்டு, “நான் அப்பவே சொன்னேன்ல,” என்றார்.

அவர் சொன்னதே இல்லை. “ஆமா, சொன்ன,” என்றார் சகலை.

மகள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். கீழே சாலையோரத்தில் சகலையின் லாரி, தார்ப்பாய் இறுக்கிக் கட்டிய முழு லோடோடு, விளக்குகள் மின்னியபடி நின்றது. அவள் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.