விற்ற கப்பலுக்குக் கறுப்பு டை

எழுபதுகளில் மெல்பேர்ண் துறைமுகத்தில் என் சரக்கை எடுக்க ஒரு வெள்ளைக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். டென்மார்க் கப்பல் கம்பெனி ஒன்றின் குமாஸ்தா. நீண்ட கழுத்து, மடிப்புக் கலையாத சட்டை. வாயைத் திறந்தால் "எங்கட கப்பல்" என்பார். வெண்ணெயும் பன்றி இறைச்சியும் இங்கிலாந்துக்கு ஏற்றிய நீராவிக் கப்பலிலிருந்து, ஆட்களையும் கார்களையும் சேர்த்து ஏற்றும் ஃபெரிவரை சுவர் நிறையப் படங்கள். அத்தனையையும் காட்டிய பிறகுதான் பேனையைத் தொடுவார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அப்போதே சொந்தக் கடைக்காரன். சம்பளக்காரனின் பெருமையைக் கேட்க எனக்கு ஏது நேரம்?

ஒருநாள் இந்தியாவிலிருந்து வந்த என் மிளகாய் மூட்டைகள் திறந்த வெளியில் கிடந்தன. மழை இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்தால் கடையை மூட வேண்டியதுதான். அவரோ செத்தவீட்டுக்குப் போகிறவர்போலக் கறுப்பு டை கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்டர், கெதியாக் கையெழுத்தைப் போடுங்கோ" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன்.

"எங்கட பழைய ஃபெரியை உடைக்கிறதுக்கு வித்துப்போட்டாங்கள்."

அவுஸ்திரேலியப் பக்கமே வராத கப்பல் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கட எண்டுறீர். அதில ஒரு ஆணியாவது உமக்குச் சொந்தமோ?"

"சொந்தமெண்டா வித்திருப்பனோ?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மிளகாய் நனையாமல் வீடு வந்தது. அதற்குப் பிறகு நான் எத்தனையோ லொறிகளை வாங்கினேன், விற்றேன். விற்ற அன்றெல்லாம் நன்றாகத்தான் தூங்கினேன். அந்த மனிதருக்கு என்ன பேய் பிடித்திருந்ததென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.