ராஜாவுக்காகக் காத்திருந்தார்கள்

அந்தப் போனை எடுத்தவர் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் சேவியர் சார் பிழைத்திருப்பாரா? மருத்துவர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

பெரம்பலூரில் அவர் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்தான் எனக்குச் செய்தி சொன்னார். "மத்தியானம் சார்கிட்டேருந்து போன் வந்துதுங்க மேடம். நான் குன்னத்துல சோளக் கொல்லையில நிக்கிறேன். ஹலோ ஹலோங்கறேன், சத்தமே இல்ல. டவர் இல்லன்னு கட் பண்ணிட்டேன். பொழுதோட வந்து மேல போயி பாத்தா, சேர்ல சாஞ்சபடியே கெடக்குறாரு. கையில போனு."

சாரோடு பழகியவர்களுக்கு அந்த அமைதி என்னவென்று தெரியும். அவருடைய திக்கல் எழுத்துகளைத் திரும்பத் திரும்ப அடுக்குவது அல்ல. சொல்லுக்கு முன்பே அடைத்துக்கொள்ளும். வாய் திறந்திருக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், ஒலி வராது. நேரில் பார்த்தால் புரியும். போனில் அங்கே யாருமே இல்லாததுபோல் இருக்கும்.

எங்கள் கல்லூரியில் அவர் வரலாறு, நான் பொருளியல். கேன்டீனில் அவர் காபி கேட்க வாயெடுத்ததுமே, "டீதானே சார்?" என்று டம்ளரை வைத்துவிடுவார்கள். அதையே பல வருடம் குடித்தார். "எனக்கு டீயே பிடிக்காது மேடம்" என்று அவர் ஒருநாள் சொன்னபோது சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "பாசத்துலதான் கெடுக்கறாங்க, விடுங்க."

ஒருமுறை அவர் துறையில் ஒரு சரித்திரப் படம் போட்டார்கள். பேச்சு திக்கும் அரசர் ஒருவர், பயிற்சி எடுத்து, கடைசியில் நாட்டு மக்களிடம் உரையாற்றுகிறார். விளக்கு எரிந்ததும் மாணவர்கள் கைதட்டியபடி இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "ராஜாவே பேசிட்டாரு, நம்ம சார் பேச மாட்டாரா!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். கல்லூரி முதல்வர் அவர் தோளைத் தட்டி, "பாத்தீங்களா சேவியர், முயற்சி பண்ணா முடியும்" என்றார். சார் பதில் சொல்ல எழுந்தார். அடைத்துக்கொண்டது. "நன்றிங்கறாரு" என்று முதல்வரே முடித்துவைத்துக் கூட்டத்தைக் கலைத்தார்.

அவர் சொல்ல நினைத்ததை வராந்தாவில் என்னிடம் சொன்னார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. "ராஜா நிறுத்துனா நாடே காத்திருக்கும் மேடம். நான் நிறுத்துனா பக்கத்துல இருக்கறவரு பேசிடறாரு."

அந்தப் படம் விடாமுயற்சியைப் பற்றியது என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். அதன் பிறகு யார் பேச்சையும் நான் முடித்துவைப்பதில்லை. அது பெரிய பண்பொன்றும் இல்லை, ஒரு பழக்கம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

செய்தி வந்ததற்கு மறுநாள் அவருடைய சொந்த ஊரான வரதராஜன்பேட்டையில் அடக்கம். யாராவது பேசுகிறீர்களா என்று பங்குத்தந்தை குழியருகே கேட்டார். அங்கே முந்திரித் தோப்பு வைத்திருக்கும் சாரின் தம்பி லூர்து முன்னால் வந்தார். அண்ணனுக்கு இருந்த அதே அடைப்பு அவருக்கும் உண்டு. வாய் திறந்தது, சொல் வரவில்லை. "அண்ணன் தங்கமானவருங்கறாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முடித்துவைத்தது. லூர்து தலையைக் குனிந்துகொண்டார். மண் போட்டார்கள்.

கூட்டம் பஸ்ஸுக்கு நகர்ந்த பிறகு அவரிடம் போனேன். "என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு நின்றேன். ஜெயங்கொண்டம் பஸ் வந்தது, போய்விட்டது. அவர் கழுத்து நரம்பு புடைத்து, தளர்ந்து, மறுபடி புடைத்தது.

"போனை எனக்குப் போட்டிருக்கலாங்க" என்றார். "நான் கட் பண்ணிருக்க மாட்டேன்."